நீல அட்டையின் மதிப்பு: சான்று விதை விவசாயிக்குத் தருவது என்ன, தரத் தவறுவது எங்கே?

புதுடெல்லி: வட மாநிலங்களில் கோதுமை விதைப்பு அக்டோபர் இறுதியில் தொடங்கி நவம்பர் நடுப்பகுதியில் உச்சத்தை எட்டுகிறது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே பஞ்சாப், ஹரியானா விவசாயிகளுக்குக் கிடைப்பது சில வாரங்கள் மட்டுமே. அந்தக் குறுகிய இடைவெளியில் எடுக்க வேண்டிய முக்கிய முடிவுகளில் ஒன்று விதை பற்றியது. சென்ற பருவத்தில் விளைந்த தானியத்திலிருந்து ஒதுக்கி வைத்ததையே விதைப்பதா, கூடுதல் விலை கொடுத்து நீல அட்டை கட்டிய சான்று விதை மூட்டையை வாங்குவதா என்பதே அக்கேள்வி.

பார்வைக்கு இரண்டும் ஒரே கோதுமைதான். வேறுபாடு வெளிப்படையாகத் தெரிவதற்கு மாதங்கள் ஆகும். தெரியும்போது திருத்துவதற்கு வழி இருக்காது. சத்துக் குறைந்தால் மேலுரம் இடலாம், பூச்சி தாக்கினால் மருந்து தெளிக்கலாம். விதை தவறினால் அந்தப் பருவமே தவறிவிடும். விதைக்கெனத் தனிச் சட்டமும், சான்றளிப்பு அமைப்புகளும், ஆய்வகங்களும் நாட்டில் அறுபது ஆண்டுகளாக இயங்கி வருவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். அந்த ஏற்பாடு விவசாயிக்கு உண்மையில் எவ்வளவு பயன் தருகிறது, எந்த இடத்தில் அவரைக் கைவிடுகிறது என்பதைத் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது.

அட்டை எதற்கு உறுதி அளிக்கிறது?

புதிய ரகம் ஒன்றை உருவாக்கிய ஆராய்ச்சி நிலையம் தனது நேரடிக் கண்காணிப்பில் பெருக்குவது வல்லுநர் விதை. அதற்கு மஞ்சள் நிற அட்டை கட்டப்படுகிறது. அதிலிருந்து பெருக்கப்படும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும், ஆதார விதையிலிருந்து விவசாயிகளுக்காகப் பெருக்கப்படும் சான்று விதைக்கு நீல அட்டையும் வழங்கப்படுகின்றன. நீல அட்டையை வழங்குவது மாநில விதைச் சான்றளிப்பு அமைப்பு. பச்சை நிற அட்டையுடன் விற்கப்படும் உண்மைநிலை விதைக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்கிறார். அரசு அமைப்பின் வயலாய்வு அதற்குக் கட்டாயமில்லை. கடைகளில் இவ்விரண்டும் அருகருகே அடுக்கப்பட்டிருந்தாலும் அவற்றின் பின்னணி வேறு.

சான்று பெற விரும்பும் விதைப்பண்ணை முதலில் பதிவு செய்யப்பட வேண்டும். நெல், கோதுமை ஆகிய பயிர்களில் பூக்கும் பருவம் முதல் அறுவடைக்குள் குறைந்தது இரு முறை ஆய்வாளர் வயலை நேரில் பார்வையிடுகிறார். பக்கத்து வயலின் வேறு ரகத்திலிருந்து மூன்று மீட்டர் விலகு தூரம் இருக்க வேண்டும். வயலில் பிற ரகச் செடிகள் ஆதார விதைப் பயிரில் 0.05 சதவீதத்தையும், சான்று விதைப் பயிரில் 0.2 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. அதாவது, சான்று விதைப் பயிரில் 500 செடிக்கு ஒன்று வரை மட்டுமே பிற ரகம் அனுமதிக்கப்படுகிறது.

அறுவடைக்குப் பிறகு சுத்திகரிப்பும் ஆய்வகச் சோதனையும் நடைபெறுகின்றன. நெல், கோதுமை இரண்டிலும் புறத்தூய்மை குறைந்தது 98 சதவீதம் இருக்க வேண்டும். முளைப்புத்திறன் நெல்லுக்கு 80 சதவீதமும் கோதுமைக்கு 85 சதவீதமும் குறைந்தபட்ச அளவாக நிர்ணயிக்கப்பட்டுள்ளன. ஈரப்பதம் நெல்லில் 13 சதவீதத்துக்கும் கோதுமையில் 12 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. இச்சோதனைகளில் தேறிய விதைக்கு வழங்கப்படும் சான்று ஒன்பது மாதங்களுக்குச் செல்லும். மறு சோதனையில் தேறினால் நீட்டிக்கப்படலாம்.

இவற்றுள் ஆய்வகத்தில் சரிபார்க்கக் கூடியவற்றை விட, வயலில் மட்டுமே காணக் கூடியவை முக்கியமானவை. கோதுமையைத் தாக்கும் கரிப்பூட்டை நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நோய்க்கிருமி விதையின் கருவுக்குள் தங்கிவிடுகிறது. அந்தத் தானியம் பருமனாகவும் பளபளப்பாகவும் இருக்கலாம். அடுத்த பருவத்தில் கதிர் வெளிவரும்போதுதான் மணிகளுக்குப் பதிலாகக் கரும்பொடி தெரியும். கையில் அள்ளிப் பார்த்து இதைக் கண்டறிய இயலாது. விதைப் பயிரை வயலில் பார்த்து, நோயுற்ற கதிர்கள் வரம்புக்குள் இருப்பதை உறுதி செய்வதே சான்றளிப்பின் பணி.

ஏக்கருக்கு எவ்வளவு கூடுதல் செலவு?

சான்று விதையின் விலை அதிகம் என்பது பரவலான கருத்து. ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவுபடுத்தும். ஏக்கருக்குச் சுமார் 40 கிலோ கோதுமை விதை தேவைப்படுகிறது. 2026-27 கொள்முதல் பருவத்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,585 ரூபாய். எனவே சொந்தத் தானியத்தை விதைத்தாலும் அதன் மதிப்பு 1,034 ரூபாய் ஆகிறது. சான்று விதை கிலோ 40 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொண்டால் செலவு 1,600 ரூபாய். வித்தியாசம் 566 ரூபாய். கோதுமையாகக் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 22 கிலோ.

நாட்டின் சராசரி விளைச்சலை ஒட்டி ஏக்கருக்கு 14 குவிண்டால் கிடைக்கும் நிலத்தில், மகசூல் 1.6 சதவீதம் கூடினாலே அந்தக் கூடுதல் செலவு ஈடாகிவிடும். 20 குவிண்டால் விளையும் பஞ்சாப் வயலில் சுமார் 1.1 சதவீதமே போதும். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை மட்டும் விதையைப் புதுப்பிப்பவருக்கு இச்சுமை ஆண்டுக்கு 7 கிலோ அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உழவு, உரம், அறுவடை ஆகியவற்றுக்கு ஆகும் செலவுடன் ஒப்பிடுகையில் இது சிறு தொகைதான்.

தரமான விதை மட்டுமே உற்பத்தியை 15 முதல் 20 சதவீதம் வரை உயர்த்த வல்லது என்றும், பிற இடுபொருட்களும் முறையாகச் சேர்ந்தால் பங்களிப்பு 45 சதவீதம் வரை செல்லலாம் என்றும் மத்திய வேளாண் துறை நீண்ட காலமாகக் கூறி வருகிறது. எல்லாப் பயிருக்கும் எல்லா வயலுக்கும் பொருந்தும் எண்ணாக இதை எடுத்துக்கொள்வது சரியன்று. ஆனால் மேற்கண்ட கணக்கு காட்டுவது போல, அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே செலவு ஏறக்குறைய மீண்டுவிடுகிறது.

சொந்த விதை குறைந்ததா?

வீட்டில் எடுத்து வைத்த விதையெல்லாம் தரமற்றது என்ற முடிவுக்கு வருவது தவறு. நெல்லும் கோதுமையும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். அவற்றின் விதை தாய்ச் செடியின் பண்புகளைப் பெரும்பாலும் அப்படியே தாங்கி வரும். கதிர் முற்றும் நேரத்தில் வயலில் இறங்கிக் கலவன்களை அகற்றி, தனியாக அறுத்து, நன்கு உலர்த்திச் சேமிக்கும் விவசாயியின் விதை ஓரிரு ஆண்டுகளுக்குச் சான்று விதைக்கு இணையாகவே பயன்படும். கலப்பின மக்காச்சோளம், கலப்பினக் கம்பு ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றில் விளைந்த தானியத்தை மீண்டும் விதைத்தால் பண்புகள் சிதறிவிடும் என்பதால் ஆண்டுதோறும் புதிய விதை வாங்குவது தவிர்க்க இயலாதது.

இந்த வேறுபாட்டை ஒட்டியே விதை மாற்று விகிதத்துக்கான பரிந்துரைகள் அமைந்துள்ளன. தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களுக்கு 33 சதவீதம், அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர்களுக்கு 50 சதவீதம், கலப்பினங்களுக்கு 100 சதவீதம் என்பது அந்த அளவு. நெல், கோதுமை விவசாயி மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை விதையை மாற்றினால் போதும் என்பதே இதன் பொருள்.

மாற்றாமலே விட்டால் தரம் படிப்படியாகக் குறைகிறது. பல வயல்களில் ஓடும் அறுவடை இயந்திரத்தின் உள்ளே தங்கும் மணிகள், களத்தில் கலக்கும் தானியம், சேமிப்பில் ஏறும் ஈரம், விதையோடு வரும் நோய் ஆகியவை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. ஒரே சமயத்தில் முற்றாத பயிரில் ஒரு பகுதி உதிரும்போது மறு பகுதி பச்சையாக நிற்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதமும் கலப்பும் காரணமாகத் தானியம் தேங்கும் நிலை இங்கிருந்தே தொடங்குகிறது.

ரகத்துக்கும் ஆயுள் உண்டு

நெல்லிலும் கோதுமையிலும் அதே ரகத்தின் விதையைப் புதுப்பிப்பதால் வரும் பயனை விட, பழைய ரகத்திலிருந்து புதிய ரகத்துக்கு மாறுவதால் வரும் பயன் பெரும்பாலும் அதிகம். புதிய ரகங்கள் விவசாயியைச் சென்றடையும் முதன்மை வழியாகச் சான்று விதை இருப்பதால்தான் அதன் மதிப்பு பெருகுகிறது. இந்தியா இதை முன்பே அனுபவத்தில் கண்டது. 1966-ம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டது. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி, 1969-70-ல் 2 கோடி டன்னைத் தொட்டது. பாசனமும் உரமும் கொள்முதல் உறுதியும் உடன் இருந்தன என்றாலும், அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் அந்தக் குட்டை ரகங்களின் விதைக்குள் இருந்தது.

எதிர்த் திசையில் நடந்ததற்கு பிபிடபிள்யூ 343 ரகத்தின் வரலாறு சான்றாகிறது. 1990-களின் நடுவில் வெளியிடப்பட்ட இந்தக் கோதுமை, வட மேற்குச் சமவெளி முழுவதும் பரவி நாட்டில் அதிகமாகப் பயிரிடப்பட்ட ரகமாக உயர்ந்தது. மஞ்சள் துரு நோயை எதிர்க்கும் ஆற்றல் அதன் சிறப்புகளில் ஒன்று. ஆனால் அந்த எதிர்ப்பை முறியடிக்கும் புதிய நோய்க்கிருமி இனம் தோன்றியபோது, ஒரே ரகம் நிறைந்திருந்த வயல்களில் நோய் பரவுவது எளிதாயிற்று. 2010-11 பருவத்தில் பஞ்சாபும் அண்டைப் பகுதிகளும் அதைக் கண்டன. பின்னர் எச்டி 2967 அதன் இடத்தைப் பிடித்தது. சில ஆண்டுகளில் அந்த ரகமும் மஞ்சள் துருவுக்கு இலக்காகத் தொடங்கியது.

இத்தகைய ரகத்தின் விதை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், எத்தனை சோதனைகளில் தேறியிருந்தாலும் நோயைத் தடுக்காது. சான்றளிப்பு, விதை அந்த ரகமே என்பதை மட்டுமே உறுதி செய்யும். அந்த ரகம் இன்றைய வயலுக்குப் பொருத்தமானதா என்பதை உறுதி செய்யாது. விதை மாற்று விகிதம் உயர்ந்திருப்பதாக அரசு அறிக்கைகள் கூறும்போது, மாற்றப்பட்ட விதையின் வயது என்ன என்ற கேள்வியும் உடன் எழுப்பப்பட வேண்டும்.

ஒடிசா தரும் பாடம்

கிழக்கிந்தியாவில் நெல் விவசாயிகள் எதிர்கொள்வது வேறு வகை ஆபத்து. அங்கு பல பத்தாண்டுகளாக விரும்பிப் பயிரிடப்படும் ஸ்வர்ணா ரகம் நல்ல விளைச்சல் தருவது. ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கினால் அழுகிவிடும். ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எஃப்ஆர் 13ஏ என்ற வகையில் வெள்ளத்தைத் தாங்கும் மரபணு அடையாளம் காணப்பட்டது. அதை ஸ்வர்ணாவுக்குள் சேர்த்து உருவாக்கப்பட்ட ஸ்வர்ணா சப்-1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இரு வாரங்கள் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் அது மீண்டு வளரும் தன்மை கொண்டது.

ஒடிசாவில் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான கள ஆய்வு, வயல் பத்து நாட்கள் மூழ்கிய இடங்களில் ஸ்வர்ணாவை விட இந்த ரகம் சுமார் 45 சதவீதம் கூடுதல் விளைச்சல் தந்ததாக மதிப்பிட்டது. வெள்ளம் வராத ஆண்டில் விளைச்சல் இழப்பும் இல்லை. வெள்ளத்துக்கு உள்ளாகும் தாழ்வான நிலங்கள் பெரும்பாலும் பட்டியலினத்தவர் உள்ளிட்ட பின்தங்கிய பிரிவினர் வசம் இருப்பதால், இந்த விதையின் பயன் அவர்களுக்கே அதிகம் சேரும் என்பதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆபத்து குறைந்ததால் விவசாயிகள் உரத்துக்கும் பிற இடுபொருட்களுக்கும் துணிந்து செலவிட்டனர் என்பதைத் தொடர் ஆய்வுகள் பதிவு செய்தன.

தமிழகத்தின் காவிரிப் படுகைக்கும் இதில் தொடர்பு உண்டு. கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சிஆர் 1009 டெல்டா மாவட்டங்களில் சம்பா பருவத்துக்குரிய ரகமாக நிலைபெற்றது. அதே வெள்ளம் தாங்கும் மரபணு சேர்க்கப்பட்ட சிஆர் 1009 சப்-1 இப்போது வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும் வயல்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

இந்த வரலாற்றில் பாரம்பரிய ரகமும் சான்று விதையும் எதிரெதிர் அணிகளில் நிற்கவில்லை. வெள்ளத்தைத் தாங்கும் பண்பை ஒடிசா விவசாயிகளின் வயல்கள் காத்து வந்தன; அதைப் பெருவாரியான வயல்களுக்குக் கொண்டு சேர்த்தது விதைப் பெருக்கமும் சான்றளிப்பும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

சான்று விதை இலாபகரமானது என்றால் அனைவரும் ஏன் வாங்குவதில்லை? உரிய நேரத்தில், உரிய ரகத்தில் அது கிடைக்காமை முதன்மைக் காரணங்களுள் ஒன்று. நாட்டில் கோதுமை 3 கோடி ஹெக்டேருக்கும் மேல் பயிராகிறது. ஹெக்டேருக்கு 100 கிலோ எனக் கணக்கிட்டால் மொத்தத் தேவை 30 லட்சம் டன். மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் மாற்றுவதற்கே 10 லட்சம் டன் சான்று விதை வேண்டும்.

இந்த அளவை ஒரே பருவத்தில் உருவாக்க முடியாது. இன்று அறுவடையாகும் வல்லுநர் விதை அடுத்த ஆண்டு ஆதார விதையாகவும், அதற்கடுத்த ஆண்டு சான்று விதையாகவும் பெருக்கப்பட்டு, அதன் பிறகே விவசாயியின் கைக்கு வருகிறது. ஒரு டன் வல்லுநர் விதை, ஒவ்வொரு கட்டத்திலும் நாற்பது மடங்கு பெருகினால், இரண்டு ஆண்டுகளில் 1,600 டன்னாகும். ஆனால் அந்த ஒரு டன்னை முதலில் கேட்டுப் பெற வேண்டிய பொறுப்பு மாநில அரசுகளுக்கும் விதைக் கழகங்களுக்கும் உரியது. விற்பனை உறுதி என்பதால் பழகிய பழைய ரகங்களையே தேவைப் பட்டியலில் சேர்க்கும் போக்கு நீடிக்கும் வரை, ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த புதிய ரகம் கண்காட்சி வயலைத் தாண்டுவதில்லை.

2022 மார்ச் மாதத்தில் நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலை 122 ஆண்டுப் பதிவுகளில் இல்லாத அளவு உயர்ந்தது. மணி பிடிக்கும் தருணத்தில் கோதுமை வாடியது. மே 13-ம் தேதி ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. அதன் பிறகே வெப்பம் தாங்கும் ரகங்களுக்கான கோரிக்கை பெருகியது. அன்று விதைக்கத் தேவைப்பட்ட விதைக்கான முடிவு 2019-லேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பருவநிலை மாறி வரும் காலத்தில் விதைத் திட்டமிடலின் இந்தக் கால இடைவெளி உணவுப் பாதுகாப்புடன் நேரடியாகத் தொடர்புடையது.

2024 ஆகஸ்டில் பிரதமர் நரேந்திர மோடி 61 பயிர்களில் 109 புதிய ரகங்களை வெளியிட்டார். 2025-26 மத்திய பட்ஜெட்டில் உயர் விளைச்சல் விதைகளுக்கான தேசிய இயக்கம் அறிவிக்கப்பட்டது. தானியப் பயிர்களுக்கு விதையைப் பாதி விலையில் அளிக்கும் விதை கிராமத் திட்டம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. இவற்றின் வெற்றியை வெளியிடப்பட்ட ரகங்களின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. விதைப்புக்கு இரு வாரங்களுக்கு முன் வட்டார விற்பனை நிலையத்தில் எந்த ரகத்தின் எத்தனை மூட்டைகள் இருந்தன என்பதே சரியான அளவுகோல்.

ஐந்நூறு ரூபாய் அபராதம்

மற்றொரு காரணம் நம்பிக்கை. மூட்டையில் இருப்பது அட்டையில் எழுதியிருப்பதுதானா என்ற ஐயம் விவசாயிக்கு இருக்கும் வரை, கூடுதல் விலை கொடுக்க அவர் தயங்குவது இயல்பு. இன்று வரை அடிப்படையாக விளங்கும் 1966-ம் ஆண்டு விதைச் சட்டத்தின்படி, முதல் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். மீண்டும் குற்றம் புரிந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மேலே கண்ட கணக்கில் ஓர் ஏக்கருக்கான கூடுதல் விதைச் செலவே இந்த முதல் அபராதத்தை விட அதிகம். மேலும், அச்சட்டத்தில் சான்றளிப்பு விருப்பத்தின் பேரிலானது. அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களுக்கு விவரச் சீட்டு மட்டுமே கட்டாயம்.

2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்ட புதிய விதை மசோதா வரைவு, கடும் குற்றங்களுக்கு 30 லட்சம் ரூபாய் வரை அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் முன்மொழிந்தது. விற்பனைக்கு வரும் ரகங்கள் பதிவு செய்யப்பட வேண்டும், மூட்டைகளில் கியூஆர் குறியீடு இடம்பெற வேண்டும் என்பன அதன் பிற முக்கிய அம்சங்கள். விதையின் பயணத்தைத் தொடக்கம் முதல் பின்தொடர உதவும் சாத்தி இணையதளம் 2023 ஏப்ரலிலேயே தொடங்கப்பட்டது. விவசாயிகள் தங்கள் விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரின்றி விற்கவும் 2001-ம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்புச் சட்டம் அளித்த உரிமையை இந்த வரைவும் ஏற்றுக்கொண்டது.

தண்டனை கூடுவது தேவையானதே. எனினும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குச் செல்லும். பயிரை இழந்தவருக்குச் செல்லாது. இழப்பீட்டுக்கு எளிய, காலவரையறை கொண்ட வழி வேண்டும் என விவசாய அமைப்புகள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே. விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்றும், நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்டவரிடம் சோதனைக்கு மாதிரி கேட்பது பொருத்தமற்றது என்றும் நீதிமன்றம் கருதியது. உரிமை தெளிவாகிவிட்டது. ஆனால் வழக்கு முடியும் வரை காத்திருக்கச் சிறு விவசாயியால் இயலுவதில்லை.

விவசாயி செய்யக் கூடியவை

சட்டமும் திட்டங்களும் சீராகும் வரை விவசாயியின் கையில் சில பாதுகாப்புகள் உள்ளன. அட்டையில் ரகத்தின் பெயர், குவியல் எண், சோதனை நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்குவது முதலாவது. ரசீதில் ரகமும் குவியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ரசீது, அட்டை, காலி மூட்டை ஆகியவற்றையும் கைப்பிடி அளவு விதையையும் அறுவடை வரை பத்திரப்படுத்துவது நல்லது. விதைப்புக்குப் பத்து நாட்களுக்கு முன் நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் முளைப்புத்திறன் தெரிந்துவிடும். கோதுமையில் 85-க்குக் குறைவாக முளைத்தால் உடனே விற்பனையாளரிடமும் விதை ஆய்வாளரிடமும் முறையிடலாம். நிலம் முழுவதற்கும் வாங்க இயலாதவர் ஓர் ஏக்கருக்கு மட்டும் சான்று விதை வாங்கி, அதைத் தனியே பேணி அறுத்தால், அடுத்த ஆண்டு பல ஏக்கருக்கான நல்ல விதை சொந்த வயலிலேயே கிடைத்துவிடும்.

ஏக்கருக்கு 22 கிலோ கோதுமைக்குச் சமமான தொகையைக் கூடுதலாகக் கொடுத்து விவசாயி வாங்குவது, தான் நேரில் காண இயலாத வயலாய்வும் ஆய்வகச் சோதனையும் ஒழுங்காக நடந்தன என்ற உறுதியை. அந்தத் தொகையைக் கொடுக்க அவர் தயங்கினால் அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சரியான ரகம் சரியான நேரத்தில் வரும் என்பதும், தவறு நேர்ந்தால் யாரேனும் பொறுப்பேற்பர் என்பதும் அவருக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். புதிய சட்டமும் தேசிய இயக்கமும் அதைச் செய்தனவா என்பதை வரும் ராபி பருவங்களில் கடை வாசலில் அவர் எந்த மூட்டையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது காட்டிவிடும்.